சேலையில் தைத்த மண்மூட்டைகள்

செவ்வாய்க்கிழமை காலை, பாரிசில் ரூ லூயி-பிளாங்க் தெருவில் எங்கள் பயண முகவர் நிலையத்தைத் திறந்துகொண்டிருந்தபோது ஆரணி தொலைபேசியில் அழைத்தாள். எப்போதும் என்னோடு பிரெஞ்சில் பேசுகிற பிள்ளை அன்று தமிழில், "மாமா, அம்மா போட்டா" என்றாள். அவளுடைய அம்மா, என்னோடு வேலை செய்த அக்கா, வைத்தியசாலையில் இறந்துவிட்டார். பக்கத்துத் தொலைபேசிக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "எங்கடை டிக்கெட் அக்காவோ?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் கடைக்குத் திரும்பிப் போகாமல் என்னோடு வாசலிலேயே நின்றார்.

யோகராணி என்ற பெயர் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் பலருக்குத் தெரியாது. டிக்கெட் அக்கா என்றால் தெரியும். பல வருடங்கள் அவரும் நானும் அடுத்தடுத்த மேசைகளில் இருந்து வேலை செய்தோம். ஊரில் யாராவது இறந்துபோய், அவசரமாக விமானச் சீட்டுத் தேடி ஓடிவருபவர்களிடம் அவர் முதலில் திகதி கேட்கமாட்டார். "முதல் இருங்கோ. கொஞ்சம் தண்ணி குடியுங்கோ. பிளேன் எங்கையும் ஓடாது" என்பார். அந்தக் கதிரையில் இருந்து அழுதவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள்.

புறநகரான ஆர்ஜொந்தெயிலிருந்து ரயிலில் சென்-லசார் நிலையத்துக்கு வருவார். அங்கிருந்து நிலத்தடி ரயிலான மெத்ரோ எடுக்கமாட்டார். பனியென்றாலும் மழையென்றாலும் பஸ்தான். ஒருநாள் பஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நனைந்துகொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். மெத்ரோவில் வந்திருக்கலாமே என்றேன். குடையை உதறிவிட்டு, "மண்ணுக்குக் கீழை இருக்கவேண்டிய காலமெல்லாம் நான் இருந்து முடிச்சிட்டன் தம்பி" என்றார். போர் நடந்த வன்னியிலிருந்து வந்தவர் என்பது தெரியும். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

முதலாம் உலகப் போரின் அகழிகளைப் பார்க்க வடக்கே ஆராஸ் பக்கம் ஒரு பஸ் போடும் யோசனை தமிழ்ப் பள்ளிப் பெற்றோரிடமிருந்து வந்தது. பிள்ளைகள் அந்தப் போரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். தாய் தகப்பனுக்கு அது என்னவென்று தெரியாது. அக்காவை அழைக்க எனக்குத் தயக்கமாக இருந்தது. அவரே முன்வந்தார். "அங்கை பிரெஞ்சிலைதானே சொல்லுவினம். விளங்காத சனத்துக்கு ஆர் சொல்லுறது? நான் வாறன்." விடுமுறையில் இருந்த மகள் ஆரணியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கணவர் போரில் இறந்தபோது ஆரணி கைக்குழந்தை. எப்படி இறந்தார் என்பதை அவர் மகளுக்குச் சொன்னதில்லை.

அந்த இடத்தில் அகழியின் கரை நெடுக மண்மூட்டைகள் அடுக்கியபடியே இருக்கின்றன. அழிந்துபோகாதிருக்கப் பிற்காலத்தில் அவற்றைச் சீமெந்தில் வார்த்துவிட்டார்கள். எல்லோரும் இறங்கினார்கள். அக்கா மட்டும் மேலே, புல்லில் நின்று மொழிபெயர்த்தார். வழிகாட்டியாக வந்த இளம்பெண், அகழிகள் ஏன் நேராக ஓடாமல் வளைந்து வளைந்து போகின்றன என்று விளக்கினாள். ஷெல் ஒரு மூலையில் விழுந்தால் அடுத்த மூலையில் இருப்பவன் தப்பவேண்டும். அக்கா அதைச் சொல்லிவிட்டு, "நாங்கள் பங்கரை 'ட' மாதிரி வெட்டினதும் அதுக்குத்தான்" என்று தன் பக்கத்திலிருந்து ஒரு வரி சேர்த்தார். சில பெரியவர்கள் ஓம் என்றார்கள். மூட்டைகளைப் பற்றி அந்தப் பெண் சொல்லத் தொடங்கியபோது அக்கா குனிந்து ஒரு மூட்டையில் கைவைத்தார். அதன் பிறகு அவர் சொன்னது மொழிபெயர்ப்பில்லை.

"இவையள் சாக்கிலை கட்டியிருக்கினம். எங்களுக்குக் கடைசியிலை சாக்குக் கிடைக்கேல்லை. சீலையளைக் கிழிச்சுத்தான் தைச்சனாங்கள். என்ரை கூறைச்சீலையையும் நான்தான் வெட்டினனான். சரிகை ஊசிக்கு விடேல்லை."

கீழே நின்ற ஆரணி நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா எங்கே இருந்தார்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

அக்கா தமிழில்தான் பதில் சொன்னார். "பங்கருக்குள்ளைதான். நீ என்ரை மடியிலை. ஷெல் வரத் தொடங்க, பக்கத்துக் கொட்டில் சுகந்தி ரெண்டு பிள்ளையளோடை ஓடிவந்தா. இடமில்லை. அப்பா 'வாங்கோ, வாங்கோ' எண்டு கூப்பிட்டுப்போட்டு, தான் வாசலுக்கு நகர்ந்தவர். முதுகை வெளியிலை குடுத்துக்கொண்டு இருந்தவர்."

"நீ வேண்டாம் என்று சொல்லவில்லையா?"

"இல்லை. நானும் அவைக்கு இடம் விட்டு ஒதுங்கினனான். இண்டைக்கு நடந்தாலும் அப்பிடித்தான் செய்வன், பிள்ளை. அதைத்தான் உன்னட்டைச் சொல்லப் பயந்தனான்."

வழிகாட்டிப் பெண்ணுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அவளும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரணி, "அந்தப் பிள்ளைகள்?" என்றாள்.

"இருக்கினம். மூத்தவள் இப்ப கிளிநொச்சியிலை ரீச்சர்."

ஆரணி கைநீட்டுவாள், அக்கா இறங்குவார் என்று நான் நினைத்தேன். அக்கா இறங்கவில்லை. ஆரணிதான் ஏறி வந்தாள். வந்து தாயின் பக்கத்தில் புல்லில் இருந்தாள். மற்றவர்கள் அகழியின் மறுமுனைக்குப் போய்த் திரும்பும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பாரிசுக்குத் திரும்பும் வழி முழுக்க ஆரணி தாயின் தோளில் சாய்ந்து உறங்கினாள்.

அடுத்த பயணங்களிலும் அக்கா அதே இடத்தில் நின்று அதையே சொன்னார். ஒரு தகப்பன் கடைக்கு வந்து குறைப்பட்டார்: "பிள்ளையளுக்கு ஒரு நாள் சந்தோசமாய் இருக்கட்டும் எண்டு காசு கட்டினால், இவ அழப்பண்ணுறா." அக்கா கோபிக்கவில்லை. "அண்ணை, அழாட்டில் அது மண்ணிலை வெட்டின வெறும் கிடங்குதானே" என்றார். அந்தத் தகப்பன் தானும் ஊரில் பங்கர் வெட்டிய கதையைச் சொல்லத் தொடங்கியபோது அக்கா மேசையைப் பூட்டிவிட்டு அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

கடைசி மாதங்களில் வைத்தியசாலையில் இளைத்துப்போய்க் கிடந்தார். நான் போகும்போதெல்லாம் கடையில் யார் யார் வந்தார்கள் என்றுதான் விசாரிப்பார். கடைசியாகப் போன அன்று, வரும் சனிக்கிழமைப் பயணத்துக்கு மொழிபெயர்க்க ஆளில்லை என்றேன். "நீ இருக்கிறாய்தானே" என்றார். "எனக்கு உங்களைப்போல வராது அக்கா." "என்னைப்போல ஏன்? நீ கண்டதைச் சொல்லு."

அந்தச் சனிக்கிழமை அவருடைய தகனத்துக்கு மறுநாளாக அமைந்துவிட்டது. பயணத்தை நிறுத்தவா என்று ஆரணியிடம் கேட்டேன். நிறுத்தவேண்டாம் என்றாள், தானும் வந்தாள். அகழிகளைப் பார்த்த பிறகு, பக்கத்தில் உள்ள போர்வீரர் கல்லறைகளுக்குப் போனோம். அங்கே பெயரில்லாத சிலுவைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பிரெஞ்சில் 'அன்கொனூ' என்று மட்டும் எழுதியிருக்கும். இனந்தெரியாதவர் என்பதுதான் சரியான மொழிபெயர்ப்பு. அகராதியும் அதைத்தான் சொல்லும். அக்கா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் வந்தபோது அவர் குரலைத் தாழ்த்தி வேறொன்று சொல்வார். அது ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துவைத்திருப்பது.

வழிகாட்டி அந்தச் சொல்லை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எங்கள் ஆட்களைப் பார்த்துச் சொன்னேன்:

"ஆரோ பெத்த பிள்ளை."