தாய்மாமன் மடியும் ஒரு கிரேக்கச் சொல்லும்

ஏதென்ஸில் கீழ்வீட்டு அம்மா என் மகளைப் பார்த்து மூன்று தடவை துப்பியபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஃப்து, ஃப்து, ஃப்து" என்று வெறும் சத்தம்தான். எச்சில் தெறிக்கவில்லை. இருந்தாலும் பிள்ளையை இழுத்துக்கொண்டு மாடியேறிக் கதவைச் சாத்தினேன். மறுநாள் அவரே ஒரு தட்டில் இனிப்போடு வந்து விளக்கினார். அழகான பிள்ளைக்குக் கண் பட்டுவிடாமல் இருக்கத்தானாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உப்பும் மிளகாயும் சுற்றி "மூணு வாட்டி துப்பு" என்று சிதம்பரத்தில் என்னைத் துப்பவைத்தவள்தானே என் அம்மா!

கிரியா எலேனி என்று அவரைக் கூப்பிடுவோம். கிரியா என்பது மரியாதைக்கு. பள்ளியில் பழைய கிரேக்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஐந்து வயதாகியும் என் மகள் இனியாவுக்கு ஏன் காது குத்தவில்லை என்று ஒருநாள் கேட்டார். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவோம், எனக்கிருப்பது ஒரே அண்ணன், அண்ணாமலை நகரில் என்னோடு படித்த கிறிஸ்தவப் பையனை நான் கட்டிக்கொண்டதிலிருந்து ஏழு வருஷமாக அவர் என்னோடு பேசுவதில்லை என்று தெரிந்த கிரேக்கத்தில் திக்கித் திணறிச் சொன்னேன். "அவன் வராம குத்தக் கூடாதுடி, வேற யாரு மடியில ஒக்கார வெப்ப?" என்று அம்மா போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். உண்மையைச் சொன்னால், சடங்குக்குப் பயந்து நான் தள்ளிப்போடவில்லை. வேறொருவர் மடியில் உட்காரவைத்தால் எனக்கு அண்ணன் இல்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

எலேனி ஒரு சொல்லைச் சொன்னார்: ஸ்தொர்யி. பெற்றவர்கள், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் என்று நாம் தேர்ந்தெடுக்காத மனிதர்கள்மேல் வரும் அன்பாம் அது. ஒன்றைச் சகித்துக்கொள்வதற்கும் பழைய ஆட்கள் அதே வேரிலிருந்து வந்த சொல்லைத்தான் வைத்திருந்தார்களாம்.

"என் அண்ணனுக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காது" என்றேன்.

"பிடிப்பதைப் பற்றி நான் பேசவே இல்லையே" என்றார்.

அந்த விடுமுறைக்கே ஊருக்குப் போனோம். ஆறு வயது பிறந்துவிட்டால் இரட்டைப்படை, காது குத்த ஆகாது என்று அம்மா நாள் குறித்துவிட்டாள். "அவன்கிட்ட சொல்லிட்டேன். வரான், வரல, அவன் இஷ்டம்." நல்ல நேரம் பத்தரை வரை. காது குத்த வந்த ஆசாரி பத்து மணிக்கே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். பத்தேகாலுக்கு அண்ணன் வந்தார். கடலூர் பழைய டவுனில் ஐஸ் கம்பெனி வேலையிலிருந்து நேராக வந்திருப்பார் போல, கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் பாவாடை சட்டை, வளையல் வைத்த சீர்த்தட்டு. என் கணவருக்கு ஒரு தலையசைப்பு. என் பக்கம் திரும்பவில்லை. பலகையில் உட்கார்ந்து இனியாவை மடியில் வாங்கிக்கொண்டார்.

முதல் காதுக்கே அவள் வீறிட்டாள். அழுகையில் தமிழெல்லாம் ஓடிப்போய் "நெரோ, நெரோ" என்று கிரேக்கத்தில் கத்தினாள். அண்ணன் முதுகைத் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா கேக்குது பாப்பா?"

"தண்ணி கேக்குதுண்ணா."

ஏழு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்குப் போனவள், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுகிறார். "பாப்பாகிட்ட குடு" என்பதற்குமேல் எனக்கு ஒரு வார்த்தை கிடையாது. போன வாரம் அவர் கூப்பிட்டபோது எலேனி எங்கள் வீட்டில் இருந்தார். இனியாவின் தோட்டைப் பார்த்து வழக்கம்போல் ஃப்து ஃப்து என்றார். உடனே அவள் திரையிலிருந்த மாமன் முகத்தைப் பார்த்து, "ஃப்து, ஃப்து, ஃப்து" என்றாள். கடலூரில் அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் பார்க்க எட்டியதில் கையிலிருந்த போன் சாய்ந்துவிட்டது.

"போன நேராப் புடி" என்றார் என்னிடம்.

நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையின் ஓரத்தில் என் முகம் பாதி தெரிந்தது. அண்ணன் தள்ளிப் போகச் சொல்லவில்லை.