குறையே சொல்லாத மாடி வீடு

என் கணவரை இந்தத் தெருவில் எல்லோரும் 'துப்பறிவாளர்' என்றுதான் சொல்வார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். இவருக்கு அதில் பெருமை வேறு! பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவர்களையே தேடித் தேடிப் பழகிய கண், வீட்டில் உட்கார்ந்தால் மட்டும் சும்மா இருக்குமா? மாடியில் ஒரு வீடு கட்டி வாடகைக்கு விட்டதும் அந்தக் கண்ணுக்கு மறுபடியும் வேலை கிடைத்துவிட்டது.

புதிதாக வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்கள் இவரிடம் யோசனை கேட்டு வருவார்கள். பொய் சொல்லக்கூடாது, நல்ல யோசனைகளாகத்தான் சொல்வார்.

"மழை பெய்யறப்போ போய் வீட்டைப் பாரு. வெயில்ல எல்லா வீடும் நல்ல வீடுதான். ஒரு சுவருக்கு மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா அங்கதான் என்னமோ இருக்கு. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்துல திறந்துவிடு. விக்கிறவன்கிட்ட எதுவும் கேக்காத, எதிர்க்கடைக்காரன்கிட்ட கேளு."

கடைசியில் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொல்வார். "குடியிருக்கறவன் ஒழுகுதுன்னு சொன்னா உடனே ஓடாத. இன்னிக்கு ஒழுகுதும்பான், நாளைக்கு வாடகையைக் குறைம்பான்."

இந்தக் கடைசி யோசனையை மட்டும் அடுப்பில் போடச் சொல்லி நான் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். கேட்டால்தானே!

மாடிக்கு முதலில் ஒரு வாத்தியார் குடும்பம் வந்தது. படுக்கையறைக் கூரையில் ஈரம் தெரிகிறது என்று வாத்தியார் வந்து சொன்னார். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தளத்தை உடைத்துப் பூசவேண்டும் என்றார். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்காங்க" என்று இவர் பிளம்பரைத் துரத்திவிட்டார். தானே கொஞ்சம் சிமெண்டைக் குழைத்து அப்பினார். வாத்தியார் இன்னொரு முறை வாயைத் திறந்ததும், வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு ஒரு நர்ஸம்மா வந்தாள். கூட, படுத்த படுக்கையாக இருக்கும் அவள் அம்மா. நோயாளி என்றதும் வீடு கொடுக்க எல்லோரும் கைவிரித்திருந்தார்கள். நான் பிடிவாதம் பிடித்ததால்தான் இவர் ஒப்புக்கொண்டார்.

நர்ஸம்மா தங்கம். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. இவருக்கு முதலில் தலைகால் புரியவில்லை. "குடித்தனம்னா இப்படி இருக்கணும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். அப்புறம் அதுவே மண்டையைக் குடைய ஆரம்பித்தது.

"மனுஷங்க இருக்கற வீட்டுல ஒரு குழாயாவது கெட்டுப்போகாம இருக்குமா? இவ ஏன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறா?"

"சொன்னா சந்தேகம், சொல்லலேன்னாலும் சந்தேகமா? உங்களோட மனுஷி வாழ முடியுமா!"

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கண்காணிக்கத் தொடங்கினார். நர்ஸம்மா கதவை ஒருக்களித்துத் திறந்து, வாசலை மறைத்துக்கொண்டுதான் பேசுகிறாளாம். மாடியில் கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்கிறதாம். பால்கனியில் ஒரு நாள் ஒரு மெத்தை காய்கிறது, மறுநாள் இன்னொன்று காய்கிறது. எதிர்க்கடைக்காரர் வேறு, போகிற போக்கில், "நர்ஸம்மா மறுபடியும் வாளி வாங்கிட்டுப் போனாங்க" என்று போட்டுவிட்டுப் போனார்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு இத்தனை வாளி, இத்தனை மெத்தை? உள்வாடகைக்கு ஆள் வச்சிருக்கா. ஆஸ்பத்திரிக்கு வர்ற ஆளுங்களைக் காதும் காதும் வச்ச மாதிரி தங்க வச்சுக் காசு பாக்கறா. இப்பவே போய்க் காலி பண்ணச் சொல்லப்போறேன்."

அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு அவள் எந்தத் தெருவில் போய் நிற்பாள்?

"போறதா இருந்தா முன்னாடியே சொல்லிட்டுப் போங்க. வாடகை குடுக்கறவரைக்கும் அது அவ வீடு."

"சொல்லிட்டுப் போனா எல்லாத்தையும் மறைச்சிடுவா" என்று சொல்லிக்கொண்டே படியேறிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கதவு வழக்கம்போல் ஒருக்களித்துத் திறந்தது. இவர் அதைத் தள்ளிக்கொண்டு விடுவிடுவென்று படுக்கையறைக்குள் போனார். ஆள் யாரும் இல்லை. தரை முழுக்க வாளிகள். மழை விட்டு எத்தனையோ நாளாகியும் கூரை சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் காரை பெயர்ந்து உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. கட்டிலைக் கூடத்துக்கு இழுத்து, அலமாரிக்கும் வாசலுக்கும் நடுவில் அம்மாவைப் படுக்க வைத்திருந்தாள். அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. பெயர்ந்த காரைக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏம்மா, இவ்வளவு நாள் ஏன் சொல்லல?" என்றார். குரல் கீழே போய்விட்டது.

நர்ஸம்மா தலை நிமிரவில்லை. "வாத்தியார் வீட்டைப் பத்திக் கடைக்காரர் சொன்னார் சார். சொன்னா எங்களையும் காலி பண்ணச் சொல்லுவீங்கன்னு பயம். அம்மாவ வச்சுக்கிட்டு நான் எங்க சார் போவேன்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லாக் கேட்டுக்கோங்க! தலையில விழுந்திருந்தா யார் பதில் சொல்றது?" அவள் எதிரிலேயே கத்திவிட்டேன். இவர் தரையில் இருந்த வாளிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்றதைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, இன்னும் நாலு வார்த்தை கேட்கவேண்டும் போலவும் இருந்தது.

கடைசியில், "நாளைக்கே ஆள் வச்சுத் தளத்தை உடைச்சுப் பூசிடறேன். அதுவரைக்கும் நீங்க கீழ எங்க வீட்டுல இருங்க" என்றார்.

"பூசின பிறகு?"

"பிறகு என்ன? மறுபடியும் இங்கதான்."

அவள் என்னைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். கும்பிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ ஒரு தாளும் பேனாவும் எடுத்துவந்து இவர் கையில் கொடுத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். காலி பண்ணச் சொல்ல மாட்டேன்னு இதுல எழுதிக் குடுத்துடுங்க."

வாழ்நாள் முழுவதும் ஊரையே சந்தேகப்பட்ட மனிதர், அவள் அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மளமளவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நர்ஸம்மா அதை நின்றபடியே முழுவதும் படித்தாள். மறுபடியும் ஒரு முறை படித்தாள். பிறகு மடித்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"அப்படின்னா… சமையலறையிலயும் ஒழுகுது சார்" என்றாள்.