ஆச்சியின் 'தனி ஆள்' நோட்டு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். விசாலாட்சி ஆச்சியின் மகள் மெய்யம்மை கைபேசியில் அழைத்தாள். "டீச்சர், ஆத்தா போயிட்டாக" என்றாள்.

"மதுரைக்காம்மா? இன்னைக்கும் பல் டாக்டர் வரச் சொல்லிட்டாரா?" என்று கேட்டேன்.

அவள் அழும் சத்தம் கேட்ட பிறகுதான், 'போயிட்டாக' என்ற சொல் எனக்குப் புரிந்தது.

எட்டு மாதமாக ஆச்சி மதுரைக்குப் போய்வந்தது பல்லுக்காக இல்லை. வயிற்றில் வந்த கட்டிக்காக. மகளைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுப்பாடம் எழுதாமல் வரும் பிள்ளையின் பொய்யை வகுப்பு வாசலிலேயே கண்டுபிடிக்கிற ஆசிரியை என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்த நான், ஆச்சி வாரத்துக்கு வாரம் மெலிவதைப் பார்த்துவிட்டு, "பல்லு சரியாகுற வரைக்கும் கஞ்சியாக் குடிங்க ஆச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆமா டீச்சர், ரொம்பத்தான் படுத்துது" என்பார்.

இதை வாசிக்கும் உங்களில் பலர், காரைக்குடியில் ஆச்சியின் பயண அலுவலகத்துக்கு அந்தச் செங்குத்தான மாடிப்படியில் ஏறியவர்கள்தாம். முன்பெல்லாம் காசிக்கும் சிங்கப்பூருக்கும் டிக்கெட் எடுக்கத்தான் ஏறினோம். பிறகு பெரிய பெரிய சொகுசுக் கப்பல்களின் படம் போட்ட வழவழப்பான புத்தகங்கள் அவர் மேசைக்கு வரத் தொடங்கின. ஒவ்வொரு வருடமும் அந்தக் கப்பல்கள் இன்னும் கொஞ்சம் தூரம் போயின. பனிப்பாறைக் கடல், ஆளே இல்லாத தீவுகள், பெங்குவின் நிற்கும் கரை. தங்க, தின்ன, குடிக்க, இறங்கிச் சுற்றிப்பார்க்க எல்லாம் உள்பட ஒரே விலை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும்.

அந்தப் புத்தகத்தை ஆச்சி கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கவைப்பார். பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் வாய்விட்டு வாசிக்கச் சொல்வார். ஒருநாள் நான் அங்கே இருந்தபோது, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பொறுமை இழந்துவிட்டார். "எல்லாம் உள்படன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே ஆச்சி, அப்புறம் எதுக்கு இதைப் போட்டுப் படிக்கணும்?"

"அந்த 'எல்லாம்' கப்பக்காரவுக எழுதுனதுண்ணே. உங்களுக்கு எதெல்லாம் 'எல்லாம்'னு சொல்லுங்க, ஒத்துப் பாப்போம்" என்றார் ஆச்சி.

ஒத்துப் பார்த்ததில் அவருக்கு வேண்டிய சர்க்கரை நோய்ச் சாப்பாடு அதில் இல்லை. வேண்டாத மது இருந்தது. மது விஷயத்தில் ஆச்சி லேசில் விடவில்லை. எங்கள் ஊர்ப் பயணிகள் பலர் குடிப்பதில்லை, அதற்குரிய தொகையைக் குறையுங்கள் என்று கம்பெனிக்கு எழுதினார். குறைக்க முடியாது என்று பதில் வந்தது. அப்படியானால் குடிக்காத ஆளுக்கு அதற்குப் பதிலாகத் தினமும் ஒரு கிண்ணம் தயிர் அறைக்கு வரவேண்டும் என்று மறுபடி எழுதினார். ஐந்து கடிதங்களுக்குப் பிறகு கம்பெனி சம்மதித்தது. உலகத்தின் உச்சியில் மிதக்கும் கப்பலில் காரைக்குடிக்காரர்களுக்குத் தயிர் கிடைத்தது இப்படித்தான்.

ஆனால் அவரை உண்மையாகவே கோபப்படுத்தியது வேறொரு வரி. 'விலை ஒரு நபருக்கு. இருவர் ஓர் அறையைப் பகிர்ந்தால்' என்பது அது. ஓர் உதாரணம் சொல்கிறேன். இருவர் உட்காரும் பெஞ்சில் ஒரு மாணவி தனியாக உட்கார்ந்தால், பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்துக்கும் சேர்த்து அவளிடமே கட்டணம் கேட்டால் எப்படியிருக்கும்? கப்பலில் அதுதான் வழக்கம். கணவரை இழந்தவர், மனைவியை இழந்தவர், என்னைப்போல் கல்யாணமே செய்யாதவர் எல்லோரும், ஆள் படுக்காத இன்னொரு படுக்கைக்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். ஆச்சி நாற்பது வயதிலேயே கணவரை இழந்தவர். "ஆளு இல்லைங்கறதுக்கு வேற தனியா அபராதமா?" என்று ஒருமுறை அந்தப் பக்கத்தை நகத்தால் தட்டிக்கொண்டே கேட்டார்.

அதற்காகவே ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். அட்டையில் 'தனி ஆள்' என்று எழுதியிருக்கும். தனியாகப் போக ஆசைப்பட்டு வருகிறவர்களின் பெயரையும், அவர்களோடு பேசிக்கொண்டே கண்டுபிடித்த குணத்தையும் அதில் குறித்துக்கொள்வார். 'விளக்கு எரிந்தால்தான் தூக்கம்.' 'பேசிக்கொண்டே இருப்பாக.' 'வெங்காய வாடை ஆகாது.' ஒத்துப்போகும் இரண்டு பெயர்கள் அமைந்ததும், நடுவே ஒரு கோடு இழுத்து இணைப்பார். அந்தக் கோட்டால் எத்தனையோ பேர் பாதி விலையில் கடலைப் பார்த்தார்கள். சிலர் திரும்பி வந்தும் சிநேகிதர்களாகவே இருக்கிறார்கள்.

என் பெயரையும் ஒருநாள் எழுதினார். நான் புவியியல் ஆசிரியை. முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் துருவப் பகுதியை வரைந்தவள், பணி ஓய்வுத் தொகையில் ஒருமுறையாவது ஆர்க்டிக்கை நேரில் பார்க்க நினைத்தேன். மதுரையிலிருந்து ஒரு வங்கி அம்மாளை எனக்குச் சேர்த்துவிட்டார். புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது, அந்த அம்மாளின் மகளுக்குக் குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிட்டது. அவர் வரவில்லை. இனி இன்னொரு படுக்கையின் விலையும் என் தலையில். அவ்வளவு பணம் என்னிடம் இல்லை.

"விடுங்க ஆச்சி. முப்பது வருசம் படத்துல பாத்ததே போதும்" என்று சிரிக்கப் பார்த்தேன்.

ஆச்சி சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து தன்னுடைய பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தார். "எனக்கும் விசா இருக்கு டீச்சர். ஏஜெண்டுக்குச் சலுகையும் உண்டு."

இது எவ்வளவு பெரிய காரியம் என்று அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஊருணிப் படியில் கால் நனைக்கக்கூடப் பயந்தவர் அவர். அத்தனை பேருக்குக் கப்பல் டிக்கெட் விற்றவர், அதுவரை ஒரு கப்பலிலும் ஏறியதில்லை.

அறைக்குள் நுழைந்ததும், "சன்னல் பக்கப் படுக்கை எனக்கு வேணாம், தண்ணி தெரியும். நீங்க எடுத்துக்குங்க" என்றார். பிறகு தயங்கி, "இன்னொண்ணு. நான் குறட்டை விடுவேன்" என்றார். "ஹாஸ்டல் வார்டனா இருந்தவ ஆச்சி நான். பழக்கந்தான்" என்றேன்.

மூன்று நாள் அவரால் தலை தூக்க முடியவில்லை. கப்பலில் எட்டுச் சாப்பாட்டுக்கூடம், அத்தனையும் உள்பட. ஆச்சியோ அறையில் கண்ணை மூடிக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த நார்த்தங்காயை நக்கிக்கொண்டு கிடந்தார். அவர் வயிற்றில் தங்கியது அந்தத் தயிர் ஒன்றுதான். கிண்ணம் வரும்போதெல்லாம், "நாம எழுதி வாங்குனதுல்ல" என்று பலவீனமாகச் சிரிப்பார். நான் கூடவே உட்கார்ந்திருந்தால் விரட்டுவார். "போங்க டீச்சர், போய்ப் பாருங்க. நான் படுக்கைக்குத்தான் வந்தேன், பாக்குறதுக்கு வரல."

நான்காம் நாள் கடல் அடங்கியது. இரண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி மேல்தளத்துக்கு வந்தார். எதிரே பனிச்சுவர் நின்றது. அது வெள்ளையாக இல்லை. பிளந்த இடமெல்லாம் நீலமாக இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆச்சி, இத்தனை வருசமா வெறும் வெள்ளைன்னே சொல்லிக் குடுத்துட்டேன்" என்றேன்.

"இப்ப என்ன, எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டு மார்க்கைத் திருத்தப் போறீகளா?" என்றார். ஒரு கையால் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். மறு கை என் கையைப் பிடித்திருந்தது. குளிருக்கு உறை போட்ட கை. ஆனாலும் அந்தப் பிடி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

திரும்பி வந்ததும், "வடக்கைப் பாத்தாச்சு, தெக்கையும் பாத்துருவோம்" என்று அவரேதான் சொன்னார். அண்டார்டிகாவுக்கு என் பெயரையும் தன் பெயரையும் எழுதி, நடுவே கோடு போட்டதை நான் பார்த்தேன். அதன் பிறகுதான் பல்வலி வந்தது.

காரியங்கள் முடிந்த மறுநாள் மெய்யம்மை அந்த நோட்டை என்னிடம் கொண்டுவந்தாள். "டீச்சர்கிட்ட குடுக்கச் சொன்னாக" என்றாள். கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்தேன். என் பெயர் இருந்தது. அதிலிருந்து ஆச்சியின் பெயருக்குப் போன கோடு அடிக்கப்பட்டிருந்தது. கை நடுங்கிய எழுத்தில் கீழே வேறொரு பெயர், புதிதாக ஒரு கோடு. 'ரோசலின், தேவகோட்டை. நர்ஸா இருந்து ஓய்வு. குறட்டை உண்டு. டீச்சருக்குப் பழக்கந்தான்.'

என் பெயருக்கு எதிரே எழுதியிருந்ததை அன்றுதான் முதன்முறையாக வாசித்தேன். 'சன்னல் பக்கம் பிடிக்கும். கேக்க மாட்டாக. நாமதான் குடுக்கணும்.'

ரோசலின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த கைபேசி எண்ணை மூன்று நாள் எடுத்து எடுத்து வைத்தேன். நான்காம் நாள் அழைத்தேன்.

"டீச்சரா? நீங்க கூப்புடுவீகன்னு ஆச்சி அப்பவே சொன்னாக" என்றார் ரோசலின். "சன்னல் பக்கம் உங்களுக்குத்தான்னு என்கிட்டச் சத்தியமே வாங்கிட்டாக. முன்கூட்டியே ஒண்ணு சொல்லிப்புடுறேன். நான் குறட்டை விடுவேன்."

நோட்டில் அவர் பெயருக்கு எதிரே இருந்த வரியை மறுபடி பார்த்தேன். அவர் 'அலோ, அலோ' என்று கூப்பிட்டார். "பழக்கந்தான்" என்றேன்.

அந்த நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. இன்னும் கோடு போடாத பெயர்கள் ஏழு உண்டு. அதில் உங்கள் பெயர் இருந்தால், ஆச்சி இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்; நானே அழைப்பேன். அவரைப்போல் பேச்சிலேயே குணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு வராது. உங்களுக்கு எந்தப் பக்கப் படுக்கை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.