அம்மா முடிக்காத எழுத்து

கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் அம்மாவும் நானும் அப்பாவின் கல்லறைக்கு வண்ணம் பூசினோம். சிலுவைக்கு வெள்ளை அடித்தது நான். கல்லில் வெட்டிய எழுத்துகளில் கறுப்பு நிரப்புவது எப்போதும் அம்மாதான். ஹென்றி என்ற பெயரை வேறு யாரும் தொடக்கூடாது.

குனிந்து ‘ஹென்’ வரை எழுதியவள் அப்படியே நின்றுவிட்டாள். கண் திறந்துதான் இருந்தது.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லடா. கண்ணுல கரண்டு போயிருச்சு. இப்ப வந்துரும்.”

வந்தது. அதற்குள் கையிலிருந்து விழுந்த பிரஷ் அவள் காலில் மிதிபட்டு முறிந்திருந்தது.

அம்மாவின் பெயர் சவுந்தரம். தொழிற்சாலையில் இருபது வருடமாக மைக்ராஸ்கோப்பில் கம்ப்யூட்டர் சிப்பில் குறை பார்ப்பவள். தலைவலி என்றதும் எல்லோரும் மைக்ராஸ்கோப்பைத்தான் திட்டினோம். கண்ணாடியை மாற்றினாள். படுத்தால் வலி கூடியது. காதுக்குள் நாடியோடு சேர்ந்து ஏதோ இரைந்தது.

கல்லறைக்குப் போனதற்கு முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இல்லை, அடைப்பு இல்லை. ஆனால் கண் நரம்பு வீங்கியிருந்தது. மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, காரணம் தெரியவில்லை என்றார் டாக்டர் ஷாஹிரா. முதுகில் ஊசி போட்டு அழுத்தத்தை அளந்து, கொஞ்சம் நீரை எடுக்க வேண்டும்; தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும்; இன்றே சேருங்கள் என்றார். நான் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பவன். காரணமில்லாமல் முள் ஏறி நான் பார்த்ததில்லை.

அம்மா மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

“முதுகு ஊசியா? வேணாம்லா சவுந்தரம்,” என்றார் பக்கத்து வீட்டு வள்ளியம்மா ஆண்ட்டி. “நிபோங் திபால்ல என் நாத்தனாருக்குப் போட்டாங்க, ரெண்டு காலும் விழுந்துருச்சு.”

“என்னைப் பெத்தப்ப உனக்கும் முதுகுலதானம்மா ஊசி போட்டாங்க?”

“அதாண்டா இருபத்து நாலு வருசமா இடுப்பு வலி!”

அம்மாவும் ஆண்ட்டியும் சிரித்தார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“கண்ணு போயிரும்மா. கெஞ்சிக் கேக்குறேன்.”

அம்மாவின் சிரிப்பு நின்றது. “சரிடா. திருநாள் முடியட்டும், வந்து படுத்துக்கிறேன். அப்பா பேரை முதல்ல முடிச்சுர்றேன். கால் விழுந்துட்டா அப்புறம் யாரு குனிவா?”

மறுநாள் கல்லறையில் பிரஷ் முறிந்ததும், நேராக ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அழுதே விட்டேன். “இன்னும் ஒரு எழுத்துதாண்டா,” என்றாள்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போனபின் புது பிரஷ் வாங்கக் கிளம்பியிருக்கிறாள். லிஃப்ட் பழுது. படியில் குனிந்து பார்த்து இறங்கினாளாம்; வள்ளியம்மா ஆண்ட்டி கம்பிக்கதவு வழியாகப் பார்த்திருக்கிறார். நடுவில் நின்று, “கரண்டு போச்சுக்கா,” என்று மேலே பார்த்துச் சொன்னாளாம். ஆண்ட்டி கதவைத் திறந்து ஓடி வருவதற்குள், படி இருக்கும் என்று காலை வைத்துவிட்டாள்.

தலையில் அடி. கண் விழிக்கவேயில்லை.

அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். திருநாளன்று இரண்டு பேருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அப்பாவின் கல்லில் ‘ஹென்’ கறுப்பாக இருந்தது. ‘றி’ வெறும் கல்.

பிரஷ் இன்னும் வாங்கவில்லை.