தானாக அமைந்த வரிசை அல்ல அது

எங்கள் தீவின் லிட்டில் இந்தியாவில் ஒரு மசாலாக் கடையைக் கட்டி எழுப்பினேன், எனக்கு ஜாமீன் நிற்க ஓர் ஆள் இல்லாத காலத்தில். கூரை ஒழுகிக் கிடந்த மேல்மாடியை நானே பலகை அடித்து நிமிர்த்தினேன். அங்கே தமிழ்ப் புத்தகங்களுக்கு ஒரு வாசகசாலை வைத்தேன். ‘மசாலா விக்கிறவனுக்குப் புத்தகம் எதுக்கு?’ என்று சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அந்தப் புத்தகங்களை அடுக்குவதற்கு, நான் பார்த்த எந்த நூலகத்திலும் இல்லாத ஒரு முறையை உண்டாக்கினேன். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இத்தனையும் செய்தேன். பெருமையடிக்கிறான் என்று யாராவது சொன்னால், ஆமாம், அடிக்கிறேன். செய்தவன் நான், நான்தானே சொல்ல வேண்டும்?

முறை இதுதான். என் கடையில் விதை, பட்டை, இலை என்று பிரித்து வைக்கமாட்டேன். மீன் கறிக்கு வேண்டியதெல்லாம் ஒரு பக்கம், பிரியாணிக்கு வேண்டியதெல்லாம் ஒரு பக்கம். வாங்க வருகிறவர் மனதில் இருப்பது செடி அல்ல, சட்டி. மாடியிலும் அப்படியே செய்தேன். மற்ற நூலகங்களில் எண் போட்டு, வரலாறு ஓர் இடம், மருத்துவம் ஓர் இடம் என்று வைப்பார்கள். நான் ‘முதல் பிள்ளை பிறந்த வீடு’ என்று ஓர் அலமாரி வைத்தேன். ‘வேலை போனவர்களுக்கு’ ஒன்று. ‘வீட்டில் சாவு விழுந்தவர்களுக்கு’ ஒன்று. அதில் வேதப் புத்தகமும் இருக்கும், நகைச்சுவைக் கதையும் இருக்கும், சொத்துப் பத்திரத்தை எப்படி மாற்றுவது என்கிற புத்தகமும் இருக்கும். ஒரே புத்தகம் இரண்டு அலமாரிக்கு வேண்டுமென்றால், இரண்டாவது இடத்தில் ஒரு காலி மசாலா டப்பாவை நிறுத்தி, ‘நான் அந்தப் பக்கம் இருக்கிறேன்’ என்று எழுதி ஒட்டுவேன்.

சும்மா வந்துவிடவில்லை இது. சர்க்கரை நோய்ப் புத்தகத்தைப் பலகாரப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தபோது, ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, “என்னா, கிண்டலா?” என்று மாடி அதிரக் கத்தினார். புத்தகம் தப்பான இடத்தில் இருந்தபோது திட்டு வாங்கியவன் நான். இதைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஓர் அம்மணி வந்தார். பல்கலைக்கழகத்தில் நூலகத் துறையில் பாடம் சொல்லிக் கொடுப்பவர். யாழ்ப்பாணத்து வழி வந்த, தலைமுறை தலைமுறையாக உத்தியோகம் பார்க்கும் குடும்பம். மரியாதையாகத்தான் பேசினார்.

“புத்தகத்த இனிமே எப்படி வகைப்படுத்துறதுன்னு எங்க துறையில பெரிய யோசனை நடக்குது, அங்கிள். வெறும் நம்பர் போதாது. யாரு தேடுறாங்க, எதுக்குத் தேடுறாங்க, அதை கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்லிக் குடுக்குறது, இதுதான் அடுத்த ஆராய்ச்சி.”

“உங்களுக்கு அடுத்தது. நான் முடிச்சாச்சு லா,” என்றேன்.

சிரித்தார். சனிக்கிழமை தோறும் வந்தார். படம் எடுத்தார், வாசகர்களிடம் கேள்வி கேட்டார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், நுரை பொங்கும் தே தாரிக் டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு அக்கரையில், செபராங் ஜெயாவில் ஒரு மண்டபத்தில் தன் ஆய்வைப் பற்றித் தான் பேசுவதைக் கேட்கக் கூப்பிட்டார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன். திரையில் என் அலமாரிகள் சுவர் உயரத்துக்கு நின்றன. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்போது அவர் சொன்னார்: “இந்த முறையை உருவாக்கியவர் என்று ஒருவர் இல்லை. வாசகர்கள் எடுப்பதும் வைப்பதுமாக, இது தானாகவே வளர்ந்திருக்கிறது. வகைப்பாட்டு ஆய்வு இனிப் போக வேண்டிய திசை இது.”

தானாகவே! என் மேல்மாடியில் புத்தகத்துக்குக் கால் முளைத்து நடந்து போய் நின்றதா?

அடுத்த படத்தில்தான் என் பொறுமை போனது. சமையல் புத்தக வரிசைக்கு நடுவே மணமுறிவுச் சட்டம் பற்றிய ஒரு புத்தகம். “பாருங்கள், யாரோ மாற்றி வைத்தது அப்படியே நிலைத்துவிட்டது. இப்படித்தான் புது வகைகள் பிறக்கின்றன,” என்றார்.

நான் எழுந்துவிட்டேன். “யாரோ இல்லம்மா. நான்!”

அந்தப் புத்தகத்தை முதலில் குடும்ப அலமாரியில், படியேறி வருகிறவர் கண்ணில் படும்படி வைத்திருந்தேன். பெண்கள் அதன் முன்னால் நிற்பார்கள், எடுக்கமாட்டார்கள். எங்கள் தெருவில் யார் எதை எடுத்தார் என்பது அவர் வீடு போய்ச் சேருவதற்குள் அந்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் சமையல் புத்தகங்களுக்கு நடுவில் வைத்தேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சேர்த்து அணைத்துக்கொண்டு போகலாம், பார்க்கிறவருக்குக் குழம்பும் கேக்கும்தான் தெரியும். நான் அதிகமாக யோசித்து வைத்த புத்தகம் அதுதான். அதைத்தான் அவர் யாரோ கைதவறி வைத்ததாகச் சொன்னார்.

“நீங்க எங்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே, அங்கிள்,” என்றார் அம்மணி. முகம் வாடிவிட்டது.

“சொன்னா அது மறைவா? இப்ப பாருங்க, சுவர் உசரத்துக்குக் காட்டிட்டீங்க.”

என் வாசகி ஒருத்தி, பாயான் பாரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவள், வாய்த் துடுக்கும் கைச் சுறுசுறுப்பும் உள்ளவள், பின் வரிசையிலிருந்து குரல் கொடுத்தாள். “அண்ணே, எல்லாமே நீங்கதானா? ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்களுக்கு ஒரு அலமாரி வைங்கன்னு கேட்டது நானு. தூசி தட்டுனது நானு. விட்டா மழையும் நாந்தான் பெய்ய வச்சேன்னுவீங்க!”

மண்டபமே சிரித்தது. கேட்டது அவள்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்னும் எத்தனையோ பேர் எதையெதையோ கேட்டார்கள். காதல் கதையெல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்றார்கள், மாட்டேன் என்றேன். ஒருவர் தன் சாதிச் சங்க மலர்களுக்குத் தனி அலமாரி கேட்டார், வாசலைக் காட்டினேன். எது இருக்கட்டும், எது கூடாது என்று சொன்னது யார்?

கூட்டம் முடிந்ததும் அம்மணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “மன்னிச்சுக்குங்க அங்கிள். இந்த ஆய்வு புத்தகமா அச்சுக்குப் போகப் போகுது. கடைசிப் பக்கத்துல பராமரிப்பாளர்னு உங்களுக்கு நன்றி போட்டுடுறேன்.”

பராமரிப்பாளர்! விளக்கு போடுகிறவன், கதவு பூட்டுகிறவன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சட்டப் புத்தகம் இப்போது அங்கே இல்லை. வேறு இடத்தில் வைத்துவிட்டேன். தேவைப்படுகிறவர்களுக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இனி வாசகர்களே வகைப்படுத்துவார்கள், இயந்திரமே வகைப்படுத்தும் என்கிறீர்கள். சரி, செய்யட்டும். மணமுறிவுக்கு வழி தேடும் ஒரு பெண்ணின் புத்தகம் தவறான இடத்தில் நின்று, வீட்டில் அவள் மாட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது? கூட்டமா? கம்ப்யூட்டரா? ஓர் ஆள் வேண்டும். என் மாடியில் அந்த ஆள் நான். அதனால் கடைசிப் பக்கத்து நன்றி எனக்கு வேண்டாம். அம்மணியின் ஆய்வுப் புத்தகம் அச்சாகும்போது, முதல் பக்கத்தில், ஆய்வு செய்தவர் பெயருக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில், ‘இந்த வரிசையை வகுத்தவர்’ என்று என் பெயரைப் போட வேண்டும்.