சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வாளி

குதிரைச் சவாரி எனக்கு நன்றாக வரும். நாற்பத்தைந்து வயதில் கற்றுக்கொண்டாலும் உருப்படியாகக் கற்றுக்கொண்டேன். என் குதிரைக்குத்தான் நடக்கத் தெரியவில்லை.

அவள் என் கொழுந்தனாருடைய ரேக்ளாக் குதிரை. மூன்று வருடம் பந்தய வண்டி இழுத்தவள். அவர் கால் முறிந்து படுத்தபோது அன்னூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார்கள். கால் சரியானதும் அவரே வந்து நின்றார்.

"ஏனுங்க நங்கையா, அடுத்த பந்தயத்துக்கு இவளைக் கூட்டிட்டுப் போகட்டுங்களா?"

அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதற்குள் எனக்கு அந்தக் குதிரை மேல் உயிராகிவிட்டது. கோயமுத்தூரில் பண்ணைச் சவாரிப் போட்டி வரப்போகிறது என்று தெரியும். என் வாய் முந்திக்கொண்டது.

"அந்தப் போட்டியில இவ ஓடிப்போட்டான்னா நீங்களே கூட்டிட்டுப் போயிருங்க தம்பி. ஒழுங்கா நடந்தான்னா எங்கூடவே இருக்கட்டும்."

அவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

போட்டியில் வேகத்துக்கு மதிப்பில்லை. தளர்ந்த கடிவாளத்தில் நிதானமாக நடக்க வேண்டும். கிடக்கும் கட்டைகளை இடறாமல் தாண்ட வேண்டும். சேணத்தில் உட்கார்ந்தபடியே கேட்டைத் திறந்து மூட வேண்டும். ஒரு வாரத்தில் எல்லாம் படிந்துவிட்டது. கெத்தாகத்தான் இருந்தேன். அப்புறம் மைதானம் மாதிரியே இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் தென்னந்தோப்பில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டார்.

ரேக்ளாவில் வண்டிகள் புறப்படுவதே சுண்ணாம்புக் கோட்டிலிருந்துதான். அது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. கோட்டைப் பார்த்தவள் பறந்தாள். என்னை வாய்க்காலில் இறக்கிவிட்டுத்தான் நின்றாள்.

"ஏனம்மணி, அடி பட்டுதா? இல்ல, பஸ்ட்டு வந்துட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

சேற்றைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். மறுநாளிலிருந்து தினமும் ஒரு கோடு போட்டு, ஊற வைத்த கொள்ளு வாளியை அதன் மேலேயே வைத்தேன். முதல் நாள் வாளியையும் தாண்டி ஓடினாள். பசி அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது. லாயத்து வாசல், பம்புசெட்டு, கேட்டு என்று எங்கும் கோடு போட்டதில், தோட்டத்தில் என்ன விசேஷம் என்று போகிறவர்கள் கேட்டார்கள்.

தப்பு என்னிடமும் இருந்தது. கோட்டைக் கண்டாலே என் தொடை இறுகும். அவளுக்கு அதுதான் ஓடச் சொல்லும் உத்தரவு. அதனால் கோடு நெருங்கும்போதெல்லாம் மளிகைச் சாமான் பட்டியலை வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். வாய் பேசினால் உடம்பு இளகுகிறது.

போட்டியன்று வேலிக்கு வெளியே கொழுந்தனார் தலைக்கயிற்றோடு நின்றார். அவளை ஏற்றிப்போக ரோட்டில் அவருடைய வண்டி காத்திருந்தது. மைதானத்து நுழைவிலேயே பளீரென்று ஒரு வெள்ளைக் கோடு.

"துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, வரமல்லி," என்றேன்.

அவள் நடந்தாள். கோட்டுக்கு வந்ததும் நின்றாள். தலையைத் தாழ்த்தி, கோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முகர்ந்து வாளியைத் தேடினாள். நிற்கக் கூடாத இடம் அது. நடுவர் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் சிரித்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"போலாம் கண்ணு."

அதன்பின் கட்டை, கேட்டு, எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. கோட்டில் நின்றதற்கு மதிப்பெண் போனது. கோப்பை வேறு யாருக்கோ போனது.

வெளியே வந்தபோது கொழுந்தனார் சிரிக்கவில்லை. அவள் நெற்றியை வெகுநேரம் தடவிக் கொடுத்தார்.

"மூணு வருசத்துல ஒருநாளும் கோட்டுல இப்படி அமைதியா நின்னதில்லீங்க நங்கையா."

தலைக்கயிற்றை என் கையில் வைத்தார். "கூட்டிட்டுப் போங்க ஊட்டுக்கு," என்று சொல்லிவிட்டுக் காலி வண்டியை நோக்கி நடந்தார். அழக்கூடாது என்றிருந்தேன், அழுதுவிட்டேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. கோட்டைத்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊட்டுல கொள்ளு ஊற வெச்சிருக்கேன், வா," என்றேன்.