ஒப்பிட ஒரு நல்ல ரத்தம்

உடம்பில் அழற்சி வந்தால், எலும்பு மஜ்ஜைக்குள் உறங்கும் ஸ்டெம் செல்கள் விழித்து எதிர்ப்பு அணுக்களைப் பெருக்கும். எங்கள் ஆய்வு அதைப் பற்றியது. நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட, நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். மூன்று வருடமாகப் பெரும்பாலும் அது என்னுடையது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தனியாக இருப்பவள், கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ரத்தம் எடுக்குமுன் ஒரு படிவத்தைப் பார்த்துக் கேட்பார்கள்: காய்ச்சல் உண்டா, தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா. கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல். யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டுக் கையை நீட்டுவேன்.

தீபாவளி விடுமுறை முடிந்த காலையிலும் கூப்பிட்டார்கள். அன்று எனக்குக் காய்ச்சல்; அந்த ரத்தம் உதவாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் போனேன்.

கிள்ளானிலிருந்து ஆய்வகத்துக்கு வேலைக்கு வரும் பெண் படிவத்தை எடுத்தாள்.

"காய்ச்ச இருக்கா அக்கா?"

"நாலு நாளா இருக்கு."

அந்த நான்கு நாளில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். தூக்கமில்லாதது, கஞ்சிகூட வைக்க முடியாதது எல்லாவற்றையும், கையை நீட்டியபடியே, சொல்லிக்கொண்டே போனேன்.

அவள் படிவத்தை மூடினாள். "ரெஸ்ட் எடுங்கலா அக்கா. உங்க பிளட் இன்னிக்கு வேணாம், வேற ஆள பாக்குறேன்."

நான் நீட்டிய கையை மடக்காமல் உட்கார்ந்திருந்தேன்.